இன்னொரு கப்பல் கேட்டவன்

ஏனுங்ணா, நீங்க ஜன்னலோரமா நகந்து உக்காந்துக்கறீங்களா? எனக்கு ஜன்னலோரம் வேண்டாமுங்க. அங்க உக்காந்தா வெளிய நிக்கறவனுக்கெல்லாம் மூஞ்சி தெரியும். ஐயோ, போலீசு கேசெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பேரு தீனதயாளன். இதே சரவணம்பட்டியில கம்ப்யூட்டர் வேலை. சத்தியமங்கலம் வரைக்கும் போறேன். நீங்களும் சத்திங்களா? நல்லதாப் போச்சு, துணைக்கு ஒரு ஆளாச்சு.

தப்பா நினைச்சுக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு. சட்டுன்னு திரும்பாம, மெதுவாப் பாத்துச் சொல்லுங்க. பின்னாடி படிக்கட்டுக்கிட்ட பச்சைச் சட்டை போட்டு ஒருத்தர் நிக்கறாருல்ல? அவரு என்னையப் பாக்கறாரா? போனைப் பாக்கறாரா? அதுதாங்க எனக்குப் பயமே. போன்ல எதைப் பாக்கறாருன்னு நமக்கு எப்படித் தெரியும்?

வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு ரொம்பப் பயமா இருக்குதுங்ணா. மூணு மாசமா ஒருத்தன் என்னையப் பாத்துட்டே இருக்கறான். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. இன்னைக்குத்தான் அவன் குடுத்த கெடு.

என்ன கேக்கறான்னா, கேட்டா நீங்க சிரிப்பீங்க. கப்பல் கேக்கறான்.

கடல்ல போற கப்பல் இல்லீங்க. நான் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யறவன். நானும் ஜெரால்டுன்னு ஒரு தம்பியும் சேந்து செஞ்சது. தனிவானம்னு பேரு. ஒரே ஒரு கப்பல், அதுல ஒரே ஒரு சீட்டு. ஏறி உக்காந்துட்டா ஆகாசம் பூரா உங்களுக்கு. சுடறது கிடையாது, துரத்தறது கிடையாது, நொய்நொய்னு பேசறதுக்கு ஒரு ஆள் கிடையாது. கிரகம் கிரகமாப் போலாம், வளையம் போட்ட கிரகத்தைச் சுத்தலாம், திரும்பி வரலாம். அவ்வளவுதான். இருபதாயிரம் பேரு ஆடறாங்க.

மத்தவங்க விளையாட்டுல பாத்தீங்கன்னா நூறு கப்பல் இருக்கும், இருநூறு கப்பல் இருக்கும். சரக்கு ஏத்தறதுக்கு ஒண்ணு, சண்டைக்கு ஒண்ணு, சும்மா பந்தா காட்டறதுக்கு ஒண்ணு. கடைசியில என்னாகுது? ஒருத்தனும் பறக்கறதில்லை. கப்பலை வரிசையா நிறுத்தி வெச்சு பெயின்ட் மாத்திட்டு உக்காந்திருக்கான். கப்பல் கூடக் கூட வானம் சின்னதாயிருமுங்க. இது நானே சொன்னது. ஒரு கூட்டத்துல இதைப் பேசினப்ப கைதட்டினாங்க.

நீங்க என்ன பண்றீங்க? பைக் மெக்கானிக்குங்களா, கோயமுத்தூர் கணபதியிலயா? அட, அப்ப உங்களுக்குச் சுளுவாப் புரியும். வண்டியில பின்னாடி ஒரு ஆளை ஏத்துனா என்னாகுது? பிரேக் பிடிக்கறது மாறுது, வளைவுல சாயறது மாறுது, இழுவை மாறுது. அதேதானுங்க. ஒரு சீட்டைக் கூட்டினா நான் முதல்ல இருந்து எல்லாத்தையும் அளந்தாகணும். இது ஆடறவங்களுக்குத் தெரியறதில்லை. 'இன்னொரு கப்பல் விடுங்க'ன்னு ஒரு வரி எழுதிப் போட்டுட்டுப் போயிருவாங்க.

எழுதறதுக்குன்னு விளையாட்டுலயே ஒரு இடம் வெச்சிருக்கோம். வர்ற கடுதாசி எல்லாத்தையும் நானேதான் படிப்பேன். காலையில எட்டே காலுக்கு வீட்டுல லேப்டாப்பைத் திறந்தா, ஒன்பது மணி வரைக்கும் ஒரு எழுத்து விட மாட்டேன். அந்த நேரத்துல கூரையே இடிஞ்சு விழுந்தாலும் தலையை நிமிர்த்த மாட்டேனுங்க. அடுத்தவங்க மனசுல என்ன இருக்குதுன்னு கேக்கத் தெரியாதவன் விளையாட்டே செய்யக் கூடாது. அதுதானுங்க என்ற கொள்கை.

பதிலும் எல்லாத்துக்கும் போயிரும். கப்பல் கேக்கற கடுதாசிக்குன்னே மூணு வரி எழுதி வெச்சிருக்கேன். 'உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. தனிவானம் தனிமையைப் போற்றும் விளையாட்டு. தங்கள் அன்புக்கு நன்றி.' ஒரு பொத்தானை அமுத்துனாப் போதும், போயிரும்.

பங்குனியில இவன் எழுத ஆரம்பிச்சான். பேரைப் பாருங்க, 'ஆறிப்போன காபி'. இப்படியெல்லாம் பேரு வெச்சுக்கறானுக. எவனோ வேலை வெட்டி இல்லாத காலேஜ் பையன்னு நினைச்சேன். முதல் கடுதாசி ரொம்ப மரியாதையாத்தான் இருந்துச்சு. 'கப்பல் அழகா இருக்குங்க. ஆனா ஒருத்தர் மட்டும்தான் போக முடியுது. ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி இன்னொரு கப்பல் விடுவீங்களா? நான் ஓட்டக்கூட வேண்டாம். பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வந்தாப் போதும்.'

பொத்தானை அமுத்திட்டேன்.

மறுநாளும் அதே. அதுக்கு மறுநாளும். சில நாள் ஒரே ஒரு வரி, 'ரெண்டு சீட்டுங்க, மறந்துராதீங்க'ன்னு. நானும் விடாமப் பதில் போட்டேன். எனக்குக் கோபமெல்லாம் வரலை. பொறுமைசாலின்னு என்னைய எல்லாருமே சொல்லுவாங்க.

இருபதாவது கடுதாசியோ என்னமோ, அன்னைக்குத்தான் விஷயமே மாறுச்சு. கடைசி வரியில எழுதியிருக்கான், 'சட்டையில மூணாவது பட்டன் இல்லை. ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி கழட்டிக் குடுத்தா நல்லது.' குனிஞ்சு பாக்கறேன், மூணாவது பட்டன் இல்லை! ஊதாக் கட்டம் போட்ட சட்டை, இப்பவும் ஞாபகம் இருக்குது. வீட்டு ஹால்ல உக்காந்திருக்கேன், கதவு சாத்தியிருக்குது. எங்கிருந்து பாக்கறான்?

இன்னொரு நாளு, 'காபியைக் குடிச்சிருங்க, ஏடு கட்டிருச்சு'ங்கறான். திரும்பிப் பாத்தா லேப்டாப்புக்குப் பக்கத்துல டம்ளர் இருக்குது. மேல தடியா ஏடு. கோகிலா எப்ப கொண்டாந்து வெச்சான்னுகூட எனக்குத் தெரியாது. கோகிலாங்கறது என்ற சம்சாரமுங்க. எனக்கே தெரியாதது அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. அப்ப அவன் எந்நேரமும் பாக்கறான்னுதானே அர்த்தம்?

சிரிக்காதீங்கண்ணா. உங்க வீட்டுல நடந்தாத் தெரியும்.

லேப்டாப்புல இருக்கற கேமரா வழியாத்தான் பாக்கறான்னு முடிவு பண்ணினேன். அதுக்குள்ள பூந்துக்கற ஆளுங்க இருக்கறாங்க, பேப்பர்ல வருதுல்ல? அவசரத்துக்கு ஒட்டறதுக்கு ஒண்ணும் கிடைக்கலை. கோகிலாவோட கண்ணாடியில வரிசையா ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்துச்சு. அதுல ஒண்ணை எடுத்து கேமராக் கண்ணு மேல ஒட்டிட்டேன். அப்பாடான்னு இருந்துச்சு. மறுநாள் காலையில கடுதாசி, 'லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க. அதுக்கு எடுப்பாவே இருக்குது. பொட்டுன்னு ஒண்ணு இருக்கறதைப் பாத்த மாதிரியும் ஆச்சு.'

கண்ணை மூடினாலும் பாக்கறானுங்க! எனக்கு அன்னைக்கு சோறு இறங்கலை. ஆபீசுல பாத்ரூமுக்குப் போனாக்கூட விளக்கை அணைச்சுட்டுப் போனேன். ரோட்டுல எவனாவது சும்மா பாத்தாலும் வேர்த்துக் கொட்டும். வண்டியை எடுத்துட்டு ஒரே வழியில ரெண்டு நாள் போறதில்லை. கோகிலாகிட்ட இதையெல்லாம் சொல்லவே கூடாதுன்னுதான் இருந்தேன். பொம்பளை, பயந்துருவா. ஆனா எனக்கு நெஞ்சு தாங்கலை. ஒரு ஞாயித்துக்கிழமை அவளைக் கூப்பிட்டு எதிர்ல உக்காரச் சொன்னேன்.

'கோகிலா, நம்ம வீட்டை ஒருத்தன் வேவு பாக்கறான்'னேன்.

அவ என்னையவே பாத்துட்டு இருந்தா. அப்புறம், 'அவரு என்னதான் கேக்கறாருங்க?'ன்னா.

'ரெண்டு சீட்டு வெச்ச கப்பல் வேணுமாம்.'

'குடுத்தா என்னங்க?'

பாத்தீங்களா, விவரம் தெரியாதவங்க இப்படித்தான் கேப்பாங்க. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். கப்பல் எதுக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கணும், தனிமைன்னா என்ன, கூட ஒரு ஆள் வந்துட்டா ஆடறவனோட கவனம் எப்படிக் கலையும், எல்லாத்தையும் சொன்னேன். கன்னத்துல கை வெச்சுட்டு அப்படியே கேட்டுட்டிருந்தா. அடுப்புல பருப்பு தீயற வாசம் வந்துச்சு, அதுக்குக்கூட எந்திரிக்கலை. நல்ல பொம்பளைங்க, என்ற வேலையில அவ்வளவு மரியாதை.

மறுநாள் எட்டே காலுக்குத் திறக்கறேன். 'நேத்து நாப்பது நிமிஷம். ரொம்ப நன்றிங்க. பருப்பு போனாப் போகுது.'

பாக்கறது மட்டுமில்லை, ஒட்டுக்கேக்கவும் செய்யறாண்ணா. வீட்டுக்குள்ள வீசற வாசம்கூடத் தெரிஞ்சிருக்குது அவனுக்கு! கோகிலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ படிச்சுப் பாத்துட்டு, 'இதைப் படிச்சா உங்களுக்கு என்னங்க தோணுது?'ன்னு கேட்டா. 'கொலைகாரன்னு தோணுது'ன்னேன். டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டா. மூஞ்சியே செத்துப் போச்சு. பயம் அவளுக்கும் தொத்திருச்சு பாவம்.

அப்புறம்தான் ஜெரால்டுகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். எந்த நெட் லைன்ல இருந்து எழுதறான்னு தோண்டிப் பாருன்னேன். அவன் கெட்டிக்காரன், பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டான். கண்டுபிடிச்சுட்டு என்ற மூஞ்சியைப் பாத்தான், ஸ்க்ரீனைப் பாத்தான். 'ண்ணா, இது உங்க வீட்டு லைனுங்ணா'ன்னான்.

என்ற வீட்டு வைஃபையிலயே பூந்திருக்கறான்! மொட்டை மாடியில இருக்கறானா, பக்கத்து வீட்டுல குடி வந்திருக்கறானா, எங்கன்னு தேடறது?

'ண்ணா, வீட்டுல யார் யாருங்ணா இருக்கீங்க?'ன்னு கேட்டான்.

'நானும் கோகிலாவும்தான். வேற ஈ காக்கா கிடையாது.'

'அப்ப அண்ணிகிட்ட உக்காந்து மனசு விட்டுப் பேசுங்ணா'ங்கறான்.

எனக்கு எப்படி இருக்கும்? 'ஏம்ப்பா, அவளே அரண்டு போயிக் கிடக்கறா, இன்னும் பேசி அவளுக்குக் காய்ச்சல் வர வெக்கட்டுமா?'ன்னேன். அவன் தலையில கை வெச்சுட்டான். அவனுக்கும் பயம்தான் போல.

அன்னைக்கே முடிவு பண்ணினேன். எனக்கு ஆனது ஆகட்டும், கோகிலா மேல ஒரு தூசி படக் கூடாது. அவளை அப்பா வீட்டுக்கு அனுப்பிரலாம்னு. சத்தி தாண்டித் தோட்டத்துல வீடு. என்ற மாமனார் அங்க தென்னை வெச்சிருக்கறார். இதே பஸ்சுலதான் ஏத்தி விட்டேன், மூணு வாரமாச்சு. ஏறும்போது என்ற கையைப் பிடிச்சுட்டு, 'நீங்களும் வாங்களேன், நாலு நாளு இருந்துட்டு வரலாம்'னா. 'நான் வந்தா அவன் பின்னாடியே வருவான், ஆபத்து உனக்குத்தான்'னு சொன்னேன். கண்ணுல தண்ணி. ஆறு வருஷத்துல நாங்க ஒரு நாளு சண்டை போட்டதில்லீங்க. சத்தமாப் பேசினதுகூட இல்லை.

போன் பண்ணலையான்னா கேக்கறீங்க? எப்படிங்க பண்றது? ஒட்டுக் கேப்பானே! 'நானும் கூப்பிட மாட்டேன், நீயும் கூப்பிடாதே'ன்னு சொல்லித்தான் அனுப்பினேன். அவளும் ஒரு தடவைகூடக் கூப்பிடலை. சொன்னாச் சொன்ன பேச்சுக் கேக்கறவ.

இனிமேல் கேளுங்க. இதைச் சொல்லும்போதே எனக்கு மயிர்க்கூச்செறியுது. அவ போன நாலாம் நாளு கடுதாசி வருது. 'இங்க சாரல். களத்துல தேங்காய் உரிக்கறாங்க. கப்பல் வந்தா முதல்ல இதையெல்லாம் காட்டிட்டுத்தான் மேல போகணும்.'

தேங்காய்ங்ணா! களம்! அவன் தோட்டத்துக்கே போயிட்டான்! கோகிலா பின்னாடியே போயி, மாமனார் களத்துல நின்னுட்டு எனக்கு எழுதறான்! ஜெரால்டைப் பாக்கச் சொன்னேன், லைன் சத்திப் பக்கம்தான்னான். எனக்குக் கண்ணை இருட்டிட்டு வந்து நாற்காலியில இருந்து சரிஞ்சுட்டேன். ஜெரால்டு தண்ணி தெளிச்சு, 'ண்ணா, இப்பவாவது யோசிங்ணா'ன்னான். யோசிச்சேன். யோசிச்சு, அவன் கேக்கற கப்பலைச் செஞ்சு குடுத்துத் தொலைச்சிரலாம்னு முடிவுக்கு வந்தேன்.

ஆமாங்க, என்ற கொள்கையையே விட்டுட்டேன். பொண்டாட்டி உசுரு முக்கியமா, கொள்கை முக்கியமா? பத்து நாளா வேற வேலை பாக்கலை. ரெண்டு சீட்டு வெச்சு, ஜன்னலை அகலமாக்கி, எடையெல்லாம் மறுபடி அளந்து செஞ்சுட்டேன். இதோ, இந்தப் பையில இருக்கற லேப்டாப்புலதான் இருக்குது. பறக்கவும் பறக்குது. ஆனா இன்னும் வெளிய விடலை. ஒரே ஒரு இடத்துல மாட்டிக்கிச்சு. ஒரு சீட்டுல இருக்கறவன் ஓட்டறான், சரி. பக்கத்துல இருக்கறவங்களுக்கு என்ன வேலை குடுக்கறது? வேலை இல்லாம ஒரு ஆளை எதுக்கு ஏத்தணும்? ஜெரால்டு சொல்றான், 'வேலை எதுக்குங்ணா, சும்மா கூட உக்காந்திருக்கட்டும்'ங்கறான். விளையாட்டுல சும்மா உக்காந்திருக்கறதுன்னு ஒண்ணு உண்டா?

நீங்களே சொல்லுங்க, பைக்ல பின்னாடி உக்கார்றவங்களுக்கு என்ன வேலை?

பிடிச்சுக்கறதா? அதெல்லாம் ஒரு வேலையாங்க.

சரி, கேளுங்க. போன திங்கக்கிழமை வந்துச்சு கடைசி கடுதாசி. மொத்தம் அறுபத்தி மூணாவது. மனப்பாடமே ஆயிருச்சு. 'அறுபத்தி ரெண்டு தடவை கேட்டுட்டேன். அறுபத்தி ரெண்டு தடவையும் ஒரே மூணு வரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் நான் என் வழியைப் பாத்துக்கறேன்.'

'என் வழியைப் பாத்துக்கறேன்'னா என்னங்க அர்த்தம்? கோகிலாவை என்னமோ பண்ணப் போறான்னுதானே? நாலு நாளாச் சோறில்லை எனக்கு. இன்னைக்குக் கிளம்பிட்டேன். நேராத் தோட்டத்துக்குப் போயி, கோகிலா பக்கத்துல நின்னுக்கப் போறேன். வர்றவன் வரட்டும். கையில ஸ்க்ரூ முடுக்கற திருப்புளி ஒண்ணுகூட எடுத்து வெச்சிருக்கேன். எனக்கு அடிக்கத் தெரியாதுங்க, சின்ன வயசுல இருந்தே சண்டைன்னா நடுங்குவேன். ஆனாலும் போறேன்.

ஏனுங்ணா ஒரு மாதிரிப் பாக்கறீங்க? இல்லை, என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, இருங்க, போன் அதிருது. ஜெரால்டா இருக்கும். இல்லை... அவன்! கடுதாசி! ஐயோ, மணி நாலுகூட ஆகலையே. கெடு இன்னும் இருக்குதே. நீங்க படிங்ணா, என்னால முடியலை. எழுத்தெல்லாம் ஆடுது. கண்ணாடி இல்லையா? சரி குடுங்க, நானே படிக்கறேன்.

'இனிமேல் கப்பல் கேக்க மாட்டேன். அந்த ஒரு சீட்டுக் கப்பல்தான் உங்களுக்குச் சரி. இந்தக் கணக்கை அழிச்சுடறேன். தேட வேண்டாம். நல்லா இருங்க.'

அழிச்சுடறேன்னு சொல்றான். பொறுங்க, பாக்கறேன். ஆமாங்க! பேரையே காணோம். 'இந்த ஆட்டக்காரர் இப்போது இல்லை'ன்னு வருது. போயிட்டாண்ணா! விட்டுட்டுப் போயிட்டான்! நல்லா இருங்கன்னு வேற சொல்லிட்டுப் போறான். அட சாமி, மூணு மாசமா என்ற நெஞ்சு மேல உக்காந்திருந்தவன், எந்திரிச்சுப் போயிட்டான்.

இருங்க, இந்தத் திருப்புளியைப் பையில போட்டுக்கறேன். இனி இதுக்கு வேலையில்லை.

இது எந்த ஊரு, புளியம்பட்டிங்களா? அப்ப நான் இங்கயே இறங்கிக்கறேன். எதிர்ல கோயமுத்தூர் பஸ் நிக்குது பாருங்க, அதைப் பிடிச்சா ஆறு மணிக்கெல்லாம் ஆபீசு. பத்து நாளு வேலை குவிஞ்சு கிடக்குது. முதல்ல இந்த ரெண்டாவது சீட்டைக் கழட்டி எறியணும், நல்ல வேளை வெளிய விடலை. கோகிலாவுக்கென்ன, அப்பா வீட்டுல சொகுசா இருப்பா. இனி ஆபத்தில்லை, ஞாயித்துக்கிழமை வாக்குல மெதுவாக் கூப்பிட்டுச் சொல்லிக்கலாம்.

வரட்டுங்களாண்ணா. என்னங்க, கையை விடுங்க. அட, பஸ்சை எடுத்துருவானுங்க. கண்டக்டர் விசில் ஊதறாரு பாருங்க. விடுங்கண்ணா, பையைப் பிடிச்சு எதுக்கு இழுக்கறீங்க? சொல்றதைச் சீக்கிரம் சொல்லுங்க.

யாரு?

கோகிலாவா?

உங்களுக்கு நான் சொன்னதே விளங்கலைங்ணா. அவளுக்கு எதுக்குங்க கப்பல்? அவ எங்கயும் போறவ இல்லீங்களே.